கொம்பையாவின் மேல் நின்ற கடல்

"கடல் தெளிஞ்சு கிடக்கு, அம்மா. அடி மணல்கூடத் தெரியுது. ஆனா மீன் இல்ல."

சங்கிலித் தண்டல் இதைச் சொன்னபோது பாறைக்காரி சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெளிஞ்சு கிடக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் மீனுக்கு அங்க என்ன வேலை?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

படகை நடத்துகிறவரை அந்தக் கரையில் தண்டல் என்பார்கள். சங்கிலி அறுபது வயதைத் தாண்டியவர். பாறைக்காரிக்கு அதில் பாதிதான் இருக்கும். எங்கிருந்தோ வந்தவள். கரைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் எச்சப்பாறையில் ஒரு குகையைப் பார்த்துக் குடியேறிவிட்டாள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. மனம் சரியில்லாதவர்கள் துடுப்புப் போட்டுப் போய் அவளிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். சிலர் தெளிந்து வந்தார்கள். சிலர் அழுதுகொண்டு வந்தார்கள். இரு சாராருமே போனதற்காக வருத்தப்பட்டதில்லை.

பறவைகளின் எச்சம் படிந்து படிந்து வெளுத்த பாறை அது. இப்போது வெள்ளை மட்டும் இருந்தது. பறவைகள் இல்லை.

"எங்க போச்சு எல்லாம்?" என்று கேட்டார் தண்டல்.

"சாப்பாடு இருக்கிற இடத்துக்கு."

கையிலிருந்த சுள்ளி படக்கென்று ஒடிந்தது. அந்தச் சத்தம் அடங்கியதும் வேறு சத்தமே இல்லை. பாறையின் காலில் ஒரு அலைகூட வந்து மோதவில்லை.

*

நடந்தது இதுதான்.

ஆனி ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று வரும். ஓலையைப் பிய்க்கும், மணலை வாரி வீட்டுக்குள் கொட்டும், கடலைப் புரட்டிப் போடும். அப்படி ஒரு கச்சானில் தண்டலின் ஒரே மகன் கொம்பையா போனான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

சங்கிலி சோறு தண்ணீர் இல்லாமல் இடுப்பளவு கடலில் போய் நின்றார். மேற்கே பார்த்துக் கத்தினார்.

"ஒருத்தனைத் தின்னுட்ட. போதும். இனிமே இந்தப் பக்கம் வராதே!"

மயங்கி விழுந்தவரை ஊரார் இழுத்து வந்து போட்டார்கள்.

மறு வருஷம் கச்சான் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை.

ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. காற்றை நிறுத்தின மனுஷன் என்றார்கள். கடலுக்குப் போன ஆம்பிளைகள் எல்லாரும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினார்கள். பெண்கள் கரையில் வந்து நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கிற வழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

கடலும் அழகாகிக்கொண்டே வந்தது. முதலில் பச்சை போய் நீலம் வந்தது. பிறகு நீலமும் மெலிந்து, கண்ணாடி ஆனது.

வலையில் முதலில் மீன் குறைந்தது. பிறகு வலை நனைந்து மட்டும் வந்தது.

அதை யாரும் தண்டலிடம் போய்ச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? வழியில் பார்த்தால், "தண்ணி நல்லாத் தெளிஞ்சிருக்கு, தண்டலே" என்பார்கள். சொல்லிவிட்டு நிற்காமல் போவார்கள். பிள்ளைகளின் உடம்பு வற்றி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

கொம்பையாவின் மனைவி சீதேவி மாமனாரோடுதான் இருந்தாள். கஞ்சியில் இருக்கும் பருக்கையை அவருக்கு அரித்துப் போட்டுவிட்டு, தெளிவைத் தான் குடித்தாள். அவள் கைவளை முழங்கைவரை ஏறுவதை ஒருநாள் அவர் பார்த்தார்.

அன்றைக்குத்தான் எச்சப்பாறைக்குப் படகைத் தள்ளினார்.

*

"வாய் குறுகின பானை மூணு எடுங்க," என்றாள் பாறைக்காரி. "ஒண்ணுல மேல் தண்ணி. ரெண்டுல ஆழத்துத் தண்ணி."

"ஆழம்னா?"

"வெளிச்சம் போகாத இடம்."

பாறைக்கு அப்பால் கடலடி சட்டென்று கீழே இறங்கிவிடும். அதைக் கிடங்கு என்பார்கள். தண்டல் அங்கே போனார். பானையின் அடியில் கல்லைக் கட்டினார். வாயில் தக்கையை அடைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு கயிறு கொடுத்தார். கையிலிருந்த கயிறெல்லாம் போனபிறகு தக்கையைச் சுண்டினார்.

பானை மேலே வந்தபோது அதன் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. தொட்ட கை விறைத்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை.

அவருக்கு அந்தப் பானையை மடியில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. படகின் கோடியில் தள்ளி வைத்தார். வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

மேல் தண்ணீரை அவள் வெயிலில் வைத்தாள். ஆழத்துத் தண்ணீரில் ஒன்றை அதன் பக்கத்திலேயே வைத்தாள். இன்னொன்றைக் குகைக்குள், கண்ணே தெரியாத மூலையில் கொண்டுபோய் வைத்தாள்.

"என்ன பண்ணணும்?"

"சும்மா இருக்கணும்."

அவர் பாறையில் சும்மா இருந்தார். அது லேசான காரியமாக இல்லை. காற்று இல்லை. அலை இல்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் கடல் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

ஒரு காலையில் அவள் கூப்பிட்டாள்.

"பாருங்க."

மேல் தண்ணீர் வைத்தபடி இருந்தது. அடியில் பானையின் சுட்ட தழும்பு தெரிந்தது.

குகைக்குள் இருந்ததும் அப்படியே. கறுப்பு, குளிர், அதே வாடை.

வெயிலில் இருந்த ஆழத்துத் தண்ணீர் பச்சையாக இருந்தது. தண்டல் குனிந்தார். பச்சைக்குள் என்னவோ துள்ளியது. ஊசி முனையைவிடச் சின்னது. ஒன்றல்ல, ஓராயிரம். பானை முழுக்க உயிர் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் பின்னால் நகர்ந்தார்.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"விதை எல்லாத் தண்ணியிலயும் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப இந்தப் பானையில மட்டும் ஏன்?"

"இதுல சாப்பாடும் இருக்கு. வெளிச்சமும் இருக்கு."

"சாப்பாடா? வெறும் தண்ணிதான மொண்டு வந்தேன். ஆழத்துல என்ன இருக்கு?"

"மேலேயிருந்து கீழே போனதெல்லாம்."

"கீழே போனதுன்னா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெயிலிலும் அவர் கை மயிர் குத்திட்டு நின்றது.

மெல்லக் கேட்டார். "இந்தப் பானைத் தண்ணியை நான் தூக்கிட்டு வந்தேன். கடலுக்கு யாரு தூக்குவா?"

அவள் விரலை வாயில் வைத்து நனைத்தாள். ஆகாயத்தைப் பார்க்க உயர்த்திப் பிடித்தாள். அப்படியே நின்றாள்.

விரலில் எந்தப் பக்கமும் காயவில்லை.

தண்டலுக்குப் புரிந்தது. முகம் இறுகிவிட்டது.

"அது மட்டும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினார்.

*

காற்று இல்லாமலே செய்துகாட்டுகிறேன் என்று இறங்கினார் அவர்.

விடிந்தால் கிடங்குக்குப் போவார். பானையை இறக்குவார், ஏற்றுவார், மேலே ஊற்றுவார். மறுபடி இறக்குவார். கயிறு உள்ளங்கையைத் தின்றது. துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். துணியையும் தின்றது. கரையில் நின்ற ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் கடலின் மேல் பாய் விரித்த அளவுக்குப் பச்சை தெரிந்தது. அதில் கண் மட்டும் தெரியும் மீன்குஞ்சுகள் கொஞ்சம் வந்து மொய்த்தன. தண்டல் படகில் எழுந்து நின்று சிரித்தார். ஆள் பார்க்காமல் அழவும் செய்தார்.

மறுநாள் போனபோது அந்த இடம் எது என்றே தெரியவில்லை.

நேரே பாறைக்குப் போனார்.

"எத்தனை பானை வேணும், அம்மா?"

"எவ்வளவு கடல் இருக்கு?"

அவர் பாறையில் உட்கார்ந்தார். அவள் அவர் கைகளை விரித்துப் பார்த்தாள். குகையில் ஊறும் சுனைத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டாள்.

"காத்தை எதுக்கு நிறுத்துனீங்க, தண்டலே?"

"ஊருக்காக. இனி ஒருத்தன் சாகக்கூடாதுன்னு."

"சரி," என்றாள். கழுவிக்கொண்டே இருந்தாள். "எதுக்கு நிறுத்துனீங்க?"

தண்டல் எழுந்தார்.

"வாங்க. காட்டுதேன்."

*

உச்சி வெயில். படகு போன இடத்தில் தண்ணீர் இருப்பதாகவே தெரியவில்லை. படகு அந்தரத்தில் தொங்கியது. அதன் நிழல் கீழே, வெகு கீழே, மணலில் ஊர்ந்து வந்தது. பாறைக்காரி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயந்து யாரும் பார்த்ததில்லை. அன்று பயந்தாள்.

துடுப்பைத் தண்டல் மேலே எடுத்தார். அதிலிருந்து சொட்டிய துளிகள்தான் அங்கே தண்ணீர் உண்டு என்று காட்டின.

"அந்தா," என்றார்.

கீழே ஒரு படகு சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில், வெள்ளை மணலில், ஒருவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். ஒரு கை கன்னத்துக்கு அடியில் இருந்தது. முழங்கால் மடங்கியிருந்தது. தூங்குகிறவன் மாதிரியே இருந்தான். உடம்பு கழுவிய சங்குபோல வெளுத்திருந்தது. தலைமயிர் மேலே எழும்பி, எழும்பிய இடத்திலேயே நின்றது.

இரண்டு வருஷம். ஒரு நகம் குறையவில்லை.

"நண்டு தொடல. புழு தொடல," என்றார் தண்டல். குரலில் ஒரு பெருமை இருந்தது. "வீட்டிலயும் இப்படித்தான் படுப்பான். கன்னத்துக்குக் கை வேணும் அவனுக்கு."

"தினமும் வருவீங்களா?"

"தினமும்."

"பேசுவீங்களா?"

"பேசுவேன். ஊர்ல நடக்குறது எல்லாம் சொல்லுவேன்."

"பதில் சொல்றானா?"

"இல்ல. ஆனா கேக்கான்."

அவள் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீதேவி வந்து பாத்தாளா?"

தண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கூப்பிட்டேன். வர மாட்டேன்னுட்டா. 'அங்க கிடக்கிறது உங்க மகன், மாமா. எங்க வீட்டுக்காரர் இல்ல'ன்னு சொல்லிட்டா. என்ன பேச்சு அது?"

"பாவம்," என்றாள் பாறைக்காரி.

"யாரு? அவளா?"

"அவன். ரெண்டு வருஷமா ஒரு உயிர்கூட வந்து அவனை எட்டிப் பாக்கலயே."

தண்டல் கீழே பார்த்தார். சுற்றிலும் வெறும் மணல். கண்ணுக்கு எட்டிய தூரம் பாசியின் ஒரு நூல் இல்லை. அவ்வளவு பெரிய வெளிச்சத்தில் அவன் தனியாகக் கிடந்தான். இத்தனை நாளும் அவர் மகனை மட்டுமே பார்த்திருந்தார். சுற்றியிருந்ததை அன்றுதான் பார்த்தார்.

"காத்து வந்தா," என்றார், "அவன் என்ன ஆவான்?"

அவள் கையைத் தண்ணீரில் விட்டு ஒரு கை அள்ளினாள். வெயிலில் நீட்டினாள். வெயில் அதற்குள் புகுந்து, எதன்மேலும் படாமல் அந்தப் பக்கம் வந்தது.

"இதுல இப்ப ஒரு உயிரும் இல்ல. அவனும் இல்ல," என்றாள். கையை விரித்து விட்டுவிட்டாள்.

வெயில் கொஞ்சம் சாய்ந்தது. தண்டல் கரையைத் திரும்பிப் பார்த்தார். ஊர் இருக்கும் திசையில் அடுப்புப் புகை ஒன்றுகூட இல்லை.

"காத்துகிட்ட நான் என்ன சொல்லணும்?"

"காத்துக்கு உங்களைத் தெரியாது, தண்டலே. என்னிக்கும் தெரியாது. உங்களைத் தெரிஞ்சவன்கிட்ட சொல்லுங்க."

அவர் படகின் விளிம்பில் மார்பைச் சாய்த்தார். மூக்கு நுனி தண்ணீரைத் தொடும்வரை குனிந்தார். கடலுக்குப் போகிற காலையில் மகனை எழுப்புகிற குரல் அவருக்கு இன்னும் இருந்தது.

"எய்யா. கொம்பையா."

அவர் மூச்சில் தண்ணீர் லேசாகக் கலங்கித் தெளிந்தது.

"படுத்தது போதும், எய்யா. எந்திரி."

ஒன்றும் நடக்கவில்லை. பாறைக்காரியின் மூச்சுகூடக் கேட்கவில்லை.

பிறகு, கீழே, அவன் தலைமயிர் அசைந்தது.

ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது. கன்னத்துக்கு அடியில் இருந்த கை மெல்ல விடுபட்டு, விரல்கள் விரிந்து, மேல்நோக்கி எழுந்தது. அவனைச் சுற்றியிருந்த மணலிலிருந்து புகைபோல ஏதோ கிளம்பியது. காலை மூடியது. இடுப்பை மூடியது. முகத்தை மூடுவதற்கு முன் தண்டல் ஒரே ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

கீழேயிருந்து ஒரு குளிர் ஏறி வந்து அவர் முகத்தைத் தொட்டது. அந்தப் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை. அவர் முகத்தை எடுக்கவில்லை.

அப்போதுதான் பிடரியில் உணர்ந்தார். மேற்கேயிருந்து, ஈரமாக.

"துடுப்பை எடுங்க," என்றாள் பாறைக்காரி.

*

கச்சான் கரையேறியது. இரண்டு வருஷத்துக் கச்சானும் சேர்ந்து வந்ததுபோல வந்தது. கூரைகள் போயின. கடல் ஊருக்குள் எட்டிப் பார்த்தது. தண்ணீர் ஆளைக் கொல்லும் குளிராக இருந்தது. கால் நனைத்தவர்கள் பல் கிட்டிப்போய் ஓடி வந்தார்கள். கடல் முழுக்க நாறியது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்டலை ஏசினார்கள். அவர் காதில் விழும்படியே ஏசினார்கள். அவர் கேட்டுக்கொண்டு போனார்.

காற்று தணிந்து வெயில் வந்தது. கலங்கிய தண்ணீர் பச்சையானது. கெட்டியான பச்சை. கையை மணிக்கட்டுவரை விட்டால் விரல் தெரியாது.

தண்டல் போய்ப் பார்த்தார். அந்த இடத்துக்கு மேலே படகை நிறுத்திக் குனிந்தார். தன் முகம்தான் தெரிந்தது.

அடுத்துப் பறவைகள் வந்தன. எங்கிருந்து, யார் சொல்லி வந்தன என்று தெரியாது. ஆகாயம் நிறையக் கத்திக்கொண்டு வந்தன. அவற்றின் பின்னாலேயே சாளை மீன் வந்தது. கடல் கறுத்துத் தெரியும்படி கூட்டம் கூட்டமாக வந்தது. வலையைத் தூக்க முடியாமல் ஆட்கள் கத்தினார்கள். படகுகள் கனத்து, விளிம்பு முழுகத் திரும்பின. கரையில் பெண்கள் மறுபடியும் கண்ணுக்கு மேல் கை வைத்து நின்றார்கள்.

ஊரில் எல்லா வீட்டிலும் புகை எழுந்தது.

தண்டல் வீட்டு முற்றத்திலும் சட்டி கொதித்தது. பாறைக்காரி வந்திருந்தாள். பாறையில் குடியேறிய பிறகு அவள் கரைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. யாரும் அழைக்கவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

சீதேவி இருவருக்கும் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். இரண்டு இரண்டு சாளை வைத்தாள். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட ஆரம்பித்தாள்.

பாறைக்காரியும் சாப்பிட்டாள்.

தண்டலின் கை தட்டுக்கு மேலேயே நின்றது. மீனின் கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றார். "இதுக்குள்ள அவன் இருக்கானா?"

பாறைக்காரி மென்றதை விழுங்கினாள். அவருக்குப் பதில் சொல்லாமல் சீதேவியைப் பார்த்தாள்.

சீதேவியின் கை நின்றிருந்தது. கண் நிறைந்திருந்தது. அவள் கைநீட்டி மாமனாரின் தட்டிலிருந்த மீனைப் பிளந்தாள். நடுமுள்ளைத் தலையோடு உருவி எடுத்து ஓரத்தில் வைத்தாள். சதையைச் சோற்றின் மேல் வைத்தாள்.

"சின்ன முள்ளு இருக்கும், மாமா," என்றாள். "பாத்துச் சாப்பிடுங்க."